லும்மேக் குஞ்சுகளும் ஒரு சாமத்திய வீடும்

எனக்குக் கடற்பறவை என்றாலே அருவருப்பு. ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் கிடந்த காலத்தில், குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் மீன் வெட்டும் கொட்டகை ஒன்றில் நின்றேன். மீன்குடல் நிரம்பிய தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் கடற்காகங்கள் தலைக்கு மேல் வந்து விழும். ஒன்று விழுங்கிய குடலை மற்றது அதன் தொண்டையிலிருந்து இழுத்தெடுத்துத் தின்னும். தொப்பி, தோள், கழுத்து எல்லாம் எச்சம். எத்தனை தரம் குளித்தாலும் மணம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி வேறு இருக்கைக்குப் போவார்கள். நான் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் எழும்பியிருப்பேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொட்டகைக்கு முன்னும் பின்னும் பல நாடுகளில் பல வேலைகள் பார்த்தேன். ஓரிடத்தில் இருப்பும் கொள்ளாது. மற்ற இடங்களெல்லாம் மறந்துபோயின. அந்தக் கொட்டகையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் சோறு இறங்காது.

இப்போது எசன் நகரில் இருக்கிறோம். போன வசந்தத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்.

"அப்பா, ஜூனில ஹெல்கோலாந்துக்குப் போவமா?"

ஹெல்கோலாந்து என்பது வடகடலுக்கு நடுவில் இருக்கும் சிவப்புப் பாறைத் தீவு. அதே குக்ஸ்ஹாஃபனில்தான் கப்பல் ஏற வேண்டும். அந்தப் பாறைச் சுவரில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு வைக்கின்றன. அதில் லும்மே என்று ஒரு இனம். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. அதன் குஞ்சுகள் சிறகு முளைத்து முடிவதற்கு முன்பே, ஜூன் மாத மாலைகளில், அந்த உயரத்திலிருந்து கீழே குதிக்கும். தகப்பன் பறவை கடலில் மிதந்துகொண்டு கூப்பிடும். குஞ்சு விழுந்து, தண்ணீருக்குப் போய், தகப்பனோடு நீந்திப் போய்விடும். ஜூலை பிறந்தால் ஒன்றும் இராது.

"தகப்பன் கூப்பிடுதாமோ?" என்றாள் மனைவி. "உன்ர கொப்பரெண்டால் நீ குதிச்சு முடிஞ்சாப் பிறகுதான் போன் எடுப்பார்."

மகள் சிரிக்கவில்லை. ஓகஸ்டில் அவள் அவுஸ்பில்டுங்குக்கு, அதுதான் தொழிற்பயிற்சிக்கு, எர்லாங்கன் போகிறாள். பயிற்சி தொடங்கினால் ஜூனில் லீவு கிடைக்குமோ தெரியாது. பத்து வயதிலிருந்து ரூர் ஆற்றங்கரையில் தொலைநோக்கியோடு திரிகிறவள். என்னிடம் வாய் திறந்து எதையும் கேட்டவள் அல்ல. கொட்டகை நினைவுக்கு வந்தது; என்றாலும் ஓம் என்றேன். கப்பலுக்கும் அறைக்கும் அவளே பதிந்தாள். நாங்கள் மூன்று பேர், ஜூன் கடைசிச் சனிக்கிழமை, ஒரு இரவு.

இதை நான் அக்காவுக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா வுப்பர்டாலில் இருக்கிறாள். எங்கள் பயணத்துக்கு அடுத்த சனிக்கிழமை அவள் மகளுக்குச் சாமத்திய வீடு. பிள்ளை பெரியபிள்ளையாகி ஒன்றரை வருடமாகிவிட்டது. மண்டபம் கிடைக்க வேண்டும், சோடனைக்காரர் வர வேண்டும், கனடாவில் இருப்பவர்களுக்கு லீவு வர வேண்டும். அதனால் இப்போதுதான் தண்ணீர் வார்க்கிறார்கள். பிள்ளைக்கு இதில் பெரிய விருப்பம் இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. நான் தாய்மாமன். தேங்காய் உடைப்பதும், முதல் தண்ணீர் வார்ப்பதும், கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவருவதும் என் வேலை. பறக்கும் பல்லக்கு, புகை, தரையிலிருந்து எழும்பும் தாமரை என்று ஒவ்வொரு மண்டபத்திலும் கண்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு பிள்ளையின் உடம்புச் செய்தியை மண்டபம் பிடித்துச் சொல்லும் வேலை. என்றாலும் அக்கா கேட்டால் தட்ட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோக்காரரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மெல்லிய தாடி, உள்ளே வந்தும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. மனைவி ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சியிருந்தாள்.

"அண்ணை, நீங்கள் பறவை மலைக்குப் போறீங்களாம்," என்று தொடங்கினார் அவர். "அக்கா சொன்னவ. நான் படம் பார்த்தன். சும்மா அந்த மாதிரி இடம். பிள்ளையைச் சிவப்புச் சீலையோட பாறை விளிம்பில நிப்பாட்டுறம். பின்னால வெள்ளைப் பறவையள் ஆயிரம். மேல ட்ரோன். மண்டபத்துப் பெரிய திரையில போட்டா சனம் எழும்பி நிக்கும்."

"நாங்கள் பதினெட்டுப் பேர் வாறம்," என்றாள் அக்கா. "மேக்கப் பிள்ளையும் வாறா."

மகள் கரண்டியை வைத்தாள். "மாமி, அங்க ட்ரோன் விடக் கூடாது. பறவை பயந்து எழும்பினா முட்டையும் குஞ்சும் கீழ விழும்."

"ஆரும் காணாட்டிச் சரி, தங்கச்சி," என்றார் வீடியோக்காரர், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "பறவையள் கலைஞ்சு எழும்பினா ஷொட் இன்னும் கலாதி."

அந்த ஒரு சொல்லில் எனக்கு எழுந்த அருவருப்பைக் கொட்டகைக் கடற்காகங்கள்கூட எழுப்பியதில்லை. அவை பசிக்குத்தான் இழுத்தன.

மகள் போனை எடுத்து ஒரு படத்தை விரித்து மாமியின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே பாறைதான். அங்கே கூடு வைக்கும் பெரிய வெள்ளைப் பறவைகள் கடலில் மிதக்கும் அறுந்த வலைத் துண்டுகளைக் கொண்டுவந்து கூடு கட்டும். பச்சை, நீலம், செம்மஞ்சள் நைலோன். அதில் கழுத்தும் காலும் சிக்கிச் செத்த பறவைகள், காய்ந்து, தலை கீழாக, கூடுகளுக்குக் கீழே வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலேயே மற்றவை குஞ்சுக்குத் தீன் கொடுத்துக்கொண்டிருந்தன.

"சீ!" அக்கா கோப்பையைத் தள்ளினாள். "இதென்னடி கோதாரி!"

"நீங்கள் படம் எடுக்கப் போற இடம், மாமி."

"நான் கொம்ப்யூட்டரில அழிச்சு விடுவன், அக்கா," என்றார் வீடியோக்காரர்.

"நீர் சும்மா இரும்! செத்ததுகள் தொங்க, அதுக்கு முன்னால என்ர பிள்ளையைச் சீலையோட நிப்பாட்டுறதோ?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீயும் போகேலாது. மங்கள காரியம் வைச்சிருக்கிறம். தாய்மாமன் உந்தச் சவங்களைப் பார்த்துப்போட்டு வந்து என்ர பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறதோ? காரியம் முடியட்டும். பிறகு எங்கயெண்டாலும் போ."

"பிறகு குஞ்சு இராது, அக்கா."

"அடுத்த வருசம் முட்டையிடாதோ?"

"அடுத்த வருசம் இவளுக்கு லீவு வருமோ தெரியாது."

"ஒரு பறவைக்காகக் கூடப்பிறந்தவளை விடுறியோ?"

"நீ இப்ப சாப்பிட்ட ஆடு மட்டும் உயிரோடயோ கிடந்தது?"

மனைவி என் காலை மேசைக்குக் கீழே மிதித்தாள். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. நான் வழக்கம்போல அக்காவுக்கு ஓம் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். ஏற்கனவே போனைத் திருப்பி எடுத்துவிட்டாள்.

"அக்கா, சின்னம்மான்ர மோன் பாரிஸில இருக்கிறான். அவனும் மாமன் முறைதான்," என்றேன். "அவனைக் கூப்பிடு. நான் சவம் பார்க்கப் போறன். எனக்குத் துடக்கு, தீட்டெண்டு வைச்சுக்கொள்."

அக்கா கைப்பையை எடுத்தாள். "இனி உன்ர வீட்டு வாசல் மிதிக்கமாட்டன்." வீடியோக்காரர் மிச்ச எலும்பைப் பார்த்துவிட்டு மனமில்லாமல் எழுந்தார்.

கதவு அடித்துச் சாத்திய பிறகு மனைவி சொன்னாள்: "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் வரேல்லை. உந்தக் கிழமை சாமத்திய வீட்டுக்கு மச்சாளோட பலகாரம் சுடப் போறன். ஒராளாவது மூஞ்சையைக் காட்டோணும்."

அப்படித்தான் குடும்பப் பயணம் இரண்டு பேராகச் சுருங்கியது.

துறைமுகத்தில் நான் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. கப்பல் ஆடிய ஆட்டத்தில் எனக்கு அடுத்திருந்த கிழவர் பைக்குள் சத்தி எடுத்தார். நானும் எடுத்தேன். பாறைக்குக் கிட்டப் போக முன்பே அந்த மணம் வந்துவிட்டது. அதே மீன், அதே எச்சம். செத்த பறவைகள் படத்தில் இருந்ததை விடக் கூடுதல். காற்றில் ஆடின. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். மகள் வேலியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வெயில் சாயத் தொடங்கியது. ஒன்றும் குதிக்கவில்லை. வேலியோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்.

"மனுசர் நிக்கிற இடமே இது..." என்று நான் தொடங்கினேன்.

"அப்பா, கதையாதைங்கோ. அங்க பாருங்கோ."

விளிம்பில் ஒரு குஞ்சு நின்றது. கீழே கடலில் ஏதோ ஒன்று கரடுமுரடான குரலில் கத்திக்கொண்டே இருந்தது. குஞ்சு முன்னுக்கு வந்தது, பின்னுக்குப் போனது, பிறகு விழுந்தது. பறக்கவில்லை, விழுந்தது. கல்லில் மோதித் துள்ளி, மறுபடி மோதியது. செத்தது என்றுதான் நினைத்தேன். அது எழும்பி, எச்சமும் அழுக்கு நுரையும் படிந்த கற்களுக்கு மேலே தத்தித் தத்தித் தண்ணீருக்குள் போனது.

மகள் என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. மூக்கைப் பொத்த மற்றக் கை இருந்தது.