ஒரு பாயிண்ட் தருமம்

தண்ணீர் தெளித்து இன்னும் முழுதாகக் காயாத மண்ணின் மேல் சுண்ணாம்புப் பொடியைக் கோடாகப் போடும்போது ஒரு வாசனை எழும். கொஞ்சம் மழை வாசனை, கொஞ்சம் வெள்ளையடித்த வீட்டு வாசனை, மூக்கு நுனியில் லேசான எரிச்சல். ஆரணியில் நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம் முழுவதும் மாலை நாலரை மணி என்றால் எனக்கு அந்த வாசனைதான். இப்போதும் தெருவில் யாராவது வீட்டுக்கு வெள்ளையடித்தால் என் உள்ளங்கால் தானாகத் தரையை அழுத்திப் பார்க்கிறது.

அந்த வருடம் நான் கபடி ஆடினேன். பெரிய ஆட்டக்காரியாக வந்தவள் இல்லை, பேப்பரில் என் பெயர் வந்ததில்லை, அதனால் இதில் எழுத என்ன இருக்கிறது என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன். ஆனால் அந்த வருடம் என்னை வைத்துக்கொண்டு பாடுபட்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்காகவாவது எழுதலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீடு சேவூரில். பள்ளி விட்டதும் டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அந்த டிரைவர் நிறுத்தத்தில் நிறுத்தவே மாட்டார், ஐம்பது அடி தள்ளிப்போய்த்தான் வேகத்தைக் குறைப்பார். மற்ற பிள்ளைகள் நிறுத்தச் சொல்லிக் கத்துவார்கள். எனக்குக் கத்த வராது, ஓடத்தான் வரும். புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய், பஸ் நகர்வதற்குள் படியில் ஏறி நின்றுவிடுவேன். ஒருநாள் அதை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்கா பார்த்துவிட்டாள். அவள் பத்தாம் வகுப்பு, பள்ளிக் கபடி டீமுக்குக் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பவள். அவள் வாய் திறந்தால் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும் காக்கை எழுந்து போய்விடும். மறுநாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்று கபடிக்கு வருகிறாயா என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலே போதும் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

முதல் நாள் என்னைப் பாடிப் போகச் சொன்னார்கள். போனேன். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு யார் கையிலும் சிக்காமல் திரும்பி வந்தேன். விசில் ஊதிவிட்டார்கள். 'பாட்டு' கேட்கவில்லை என்றார் விளையாட்டு டீச்சர். பாடிப் போகிறவளின் 'கபடி கபடி' நடுவர் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் கொடுத்துவிடுவார்கள். சத்தியமாக நான் பாடிக்கொண்டுதான் போனேன். உதடு அசைந்தது. சத்தம் மட்டும் தொண்டைக்குள்ளேயே சுற்றிவிட்டு அங்கேயே அடங்கிவிட்டது.

இதற்கு எங்கள் வீடும் ஒரு காரணம். வீட்டில் இரண்டு தறி, ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை நூல் சுற்றிய நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் எதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் கத்தினார்கள். நான் மட்டும் கையால் சொல்லப் பழகிக்கொண்டேன். சோறு, தண்ணீர், யாரோ வந்திருக்கிறார்கள், பால் பொங்கிவிட்டது, எல்லாவற்றுக்கும் ஒரு கை. என் தம்பி முருகனுக்கு அது அத்தனையும் புரியும். தறிக்குழியில் இருக்கும் அப்பாவுக்கு அவன்தான் உரக்க எடுத்துச் சொல்வான். "இந்தப் புள்ள பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கும் கையாலதான் பேரு சொல்லும்" என்பார் சித்தப்பா. அம்மாவோ, பேசாத பிள்ளையால் வீட்டுக்குச் சண்டை வராது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வாள்.

டீச்சர் என்னைக் கார்னரில் போட்டார். ஓரத்தில் நின்று, வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து இழுக்கும் வேலை. அதற்குப் பேச்சே தேவையில்லை. எனக்கு அது சுகமாக இருந்தது. அப்படியே வருடம் முழுவதும் ஓட்டியிருப்பேன். ஸ்டெல்லா அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மேட்சிலும் ஒரே ஒரு தடவையாவது என்னைப் பாட அனுப்புவாள். நான் போவேன், விசில் ஊதும், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பாயிண்ட் போகும், நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்து கார்னரில் நிற்பேன். எங்கள் டீமில் அதற்கு 'தருமம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே, தருமத்தை முதலிலேயே போட்டுவிடு, அப்புறம் நிம்மதியாக ஆடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேலிதான். ஆனாலும் போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

சொல்லும் நாளும் வந்தது. தேசூரிலிருந்து வந்த ஒரு டீமோடு எங்கள் மைதானத்திலேயே ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். ஆட்டம் முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, எங்கள் டீமில் நன்றாகப் பாடுகிற வசந்தா அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஒரு பாயிண்டுல தோத்தோம். அந்த ஒரு பாயிண்டு எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தருமம் பண்ண நாம இன்னா சத்திரமா நடத்திகினு கீறோம்?"

ஸ்டெல்லா அக்கா முகத்தைக் கழுவி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ சேந்த வருஷம் எத்தினி தபா கோட்ட மிதிச்சு அவுட் ஆன? யாராவது எண்ணினோமா? எண்ணிகினு இருந்தா இன்னிக்கு நீ இங்க நின்னு பேசிகினு இருக்க மாட்ட."

வசந்தா குனிந்து மறுபடியும் காலைக் கழுவ ஆரம்பித்தாள். ஸ்டெல்லா அக்கா என் பக்கம் திரும்பி, "நீ இன்னா பாத்துகினு கீற செல்வி? நாளைக்கு ஜல்தி வந்து சேரு" என்றாள். அதில் ஆறுதலாக ஒரு சொல்கூட இல்லை. அதனாலேயே அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் டீச்சருக்கும் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு வாரத்தில் செய்யாறில் ஒரு பெரிய மேட்ச் இருந்தது. அதற்குள் எனக்குக் குரல் வராவிட்டால் என் இடத்தில் வேறு பெண் போவாள் என்று சொல்லிவிட்டார். ஸ்டெல்லா அக்கா டீச்சரிடம், அவள் வருவாள், பாடவும் செய்வாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று பஸ்ஸில் நான் நினைத்தது, நானே நின்றுவிட்டால் அவள் தலை குனிய வேண்டியிருக்காதே என்பதுதான். அதைப் போய்ச் சொல்லவும் வாய் வேண்டுமே என்பது அடுத்து நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும், தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பின்கட்டில் சுவரைப் பார்த்து நின்று 'கபடி' என்று சொல்லிப் பார்த்தேன். என் காதிலேயே விழவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். இந்தச் சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. தறியின் தட்டலுக்கு ஏற்றாற்போல் தலையை ஆட்டிக்கொண்டு தினமும் கால்மணி நேரம் கத்தினேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சித்தப்பா டீ குடிக்கப் போயிருந்தார். அப்பாவின் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு இழை அறுந்தது. இழை அறுந்தால் தறியை நிறுத்தித்தான் முடிச்சுப் போட வேண்டும். தறி நின்றது எனக்குத் தெரியவில்லை. வீடு முழுவதும் அமைதியாக இருக்க, நடுவில் என் குரல் மட்டும் 'கபடி கபடி கபடி' என்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அது என்னுடையது என்று எனக்கே புரிய ஒரு நொடி ஆயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். கையில் கரண்டியோடு அம்மா நின்றிருந்தாள். தறிக்குழியில் இருந்தபடியே அப்பா கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இம்மாம் பெரிய தொண்டைய இத்தினி நாளு எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த?"

நான் கையால் ஏதோ சொல்ல முயன்றேன். இந்தக் கைக்கு அர்த்தம் தெரியவில்லை என்று முருகன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு அவனே எல்லாவற்றையும் சொன்னான். அவன் என் பள்ளிக்கூடக் கதையை ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டு வைத்திருப்பான் என்று நான் எண்ணியிருக்கவில்லை. செய்யாறு மேட்ச், டீச்சர் சொன்ன இரண்டு வாரம், தருமம் உள்பட. அப்பா 'ம்' கொட்டிக் கேட்டுவிட்டு இழையை முடிந்துகொண்டு வேலையைத் தொடங்கினார்.

மறுநாள் நான் கத்திக்கொண்டிருக்கும்போது தறி மறுபடியும் நின்றது. இழை எதுவும் அறுந்திருக்கவில்லை. அப்பா வேண்டுமென்றே நிறுத்தியிருந்தார், சித்தப்பாவையும் நிறுத்த வைத்திருந்தார். நான் சட்டென்று வாயை மூடினேன். அவர் மறுபடியும் தறியை ஓட்டினார். அதற்கு அடுத்த நாளும் நிறுத்தினார், எந்த நேரம் நிறுத்துவார் என்று தெரியாது. தறி நின்ற பிறகு ஒரு 'கபடி' மட்டும் மிச்சமாக வந்து விழுந்தது. "ஒண்ணு" என்றார் அப்பா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு எண்ணும் வேலையை முருகன் எடுத்துக்கொண்டான். மூன்று. ஐந்து. ஒருநாள் இரண்டு. இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் இந்தச் சேலை இந்த மாதம் முடிந்த மாதிரிதான் என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். முடிகிறபோது முடியட்டும் என்றார் அப்பா. செய்யாறுக்குப் போவதற்கு முந்தின நாள், தறி நின்ற பிறகு பதினொன்று வந்தது. அதற்கு மேல் மூச்சு இல்லை.

செய்யாறு மேட்சில் இரண்டாவது பாதியில் ஸ்டெல்லா அக்கா என்னை முதுகில் தட்டி அனுப்பினாள். கோட்டைத் தாண்டினேன். தறிச் சத்தம் கிடையாது, எதிரே ஏழு பேர், சுற்றிலும் தெரியாத ஊர்ப் பிள்ளைகள். நடுவர் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். 'கபடி' என்றேன். வெளியே வந்துவிட்டது. நசுங்கிய குரல்தான், ஆனாலும் வெளியே வந்த குரல். இரண்டாவது இன்னும் உரக்க வந்தது. நடுவர் விசிலை உதட்டிலிருந்து எடுத்தார். அவர் விசிலை எடுத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். காலை நகர்த்த மறந்துபோனேன். கார்னர் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தார்கள். வாயெல்லாம் மண். விசில் ஊதியது.

பாட்டு கேட்காததற்கு ஊதிய விசில் இல்லை அது. நான் பிடிபட்டதற்கு ஊதியது. வருடம் முழுவதும் ஆடியதில், எல்லாரையும் போல முறையாகப் பாடிப் போய் நான் அவுட் ஆனது அன்றுதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் கோப்பையே கிடைத்தது போலக் கூச்சல் போட்டார்கள். எதிர்ப்பக்கத்துக்காரிகள், பிடித்தது நாங்கள்தானே, இவர்கள் ஏன் குதிக்கிறார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் குதிக்கவில்லை. "நல்ல அவுட்டு" என்று சொல்லிவிட்டு, அடுத்து பாடி வருகிறவளைப் பிடிக்கத் தயாராக நின்றாள்.

அந்த மேட்சில் ஏழெட்டுப் பாயிண்டில் தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் வசந்தா எனக்குப் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தகரத்துல ஆணி கீறின மாதிரி கீது உன் தொண்டை. இதுக்கா இம்மாம் நாளு காத்துகினு இருந்தோம்?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தமாக.

அடுத்த வருடம் ஸ்டெல்லா அக்கா பள்ளியில் இல்லை. நானும் வசந்தாவும்தான் மாறி மாறிப் பாடினோம். பத்தாவதோடு என் படிப்பும் நின்றது, கபடியும் நின்றது. இப்போதும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேச வேண்டிய இடத்தில் பேசிவிடுகிறேன், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

அந்த மைதானத்தில் பாதி இடத்தில் இன்று வகுப்பறைகள் எழும்பிவிட்டன, மீதியில் சைக்கிள் நிற்கிறது. கபடியை டிவியில் பார்க்கிறேன். விரிப்பின் மேல் ஆடுகிறார்கள், யார் முகத்திலும் மண் இல்லை. பிள்ளைகளை இப்போது சின்ன வயதிலேயே பயிற்சிக்குச் சேர்க்கிறார்கள், மூன்று மாதத்தில் தேறாவிட்டால் வேறு ஆட்டத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு வருடம் முழுவதும் தோற்றுக்கொண்டே ஆட ஒரு பிள்ளைக்கு இன்று இடம் கிடைக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை.

முருகன் இப்போது மெல்போர்னில் இருக்கிறான். அவன் மகள் யாழினிக்குப் பத்து வயது. அங்கே ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டமாம். முட்டை மாதிரிப் பந்து, வட்டமும் இல்லாத நீளமும் இல்லாத பெரிய மைதானம், காலால் உதைப்பார்கள், கையாலும் பிடிப்பார்கள், ஒருவர் மேல் ஒருவர் எகிறிக்கூடப் பிடிப்பார்கள். பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாதாம். யாழினி அதில் சேர்ந்து ஒரு சீசன் முடியப் போகிறது. போன மாதம் முருகன் போனில் ரொம்பவும் சலித்துக்கொண்டான்.

"ஒரு தபா கூட பந்து கையில நிக்கல க்கா. சனிக்கிழம ஆனா எனக்குத்தான் பேஜாரா கீது. நிறுத்திடலாமான்னு பாக்குறேன்."

அழுகிறாளா என்று கேட்டேன். இல்லை, அவள் போகத்தான் செய்கிறாள் என்றான்.

"அவகூட ஆடுறவங்க இன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

அதை அவன் கவனித்ததில்லை. அவன் இதுவரை பந்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்த சனிக்கிழமை கோட்டுக்கு வெளியே நின்று போனில் படம் பிடித்து அனுப்பினான்.

பந்து உயரத்தில் வருகிறது. யாழினி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுகிறாள். பந்து அவள் விரலில் பட்டு நழுவிப் புல்லில் விழுந்து, குறுக்கே துள்ளி, வேறு யாரிடமோ போகிறது. அவள் முட்டி போட்டு விழுகிறாள். முருகன் பந்தின் பின்னாலேயே போனைத் திருப்பியிருக்கிறான், ஆனாலும் ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. அவளைவிட ஒரு தலை உயரமான, பழுப்பு முடியைக் குதிரைவாலாகக் கட்டிய ஒரு பெண் ஓடிவந்து யாழினியின் கையைப் பிடித்துத் தூக்குகிறாள். காதருகே குனிந்து ஏதோ சொல்கிறாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. யாழினி சிரித்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடுகிறாள்.

முருகன் உடனே கூப்பிட்டான். மறுபடியும் விட்டுவிட்டாள், பார்த்தாயா என்றான்.

"பாத்தேம்பா. அடுத்த வருஷத்துக்கும் பேரு குடுத்துடு" என்றேன்.