ஊசி முனை கிடைத்த இடம்

காலை எட்டரை மணி, முப்பத்தாறு மெஷின், ஓவர்லாக் செல்வராணி. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்த ஏழு வருடமும் என் நாள் இந்த மூன்றில்தான் தொடங்கியது. செல்வராணி நாங்குநேரிப் பக்கத்துக்காரி. துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக்தான் லைனில் முதல் மெஷின், அது அவளுடையது; அவள் தைத்துத் தள்ளினால்தான் மற்ற முப்பத்தைந்தும் ஓடும். இந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், தொண்டை வேண்டும். மேலே இருப்பவர் கத்துவதை வாங்கி, குறையாமல் கீழே கொடுக்க வேண்டும். நீங்களும் எங்கேயாவது பத்துப் பேருக்கு மேலேயும் ஒரு மேனேஜருக்குக் கீழேயும் மாட்டிக்கொண்டிருப்பவர் என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

மூச்சைக் கவனித்தோம்

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் சூப்பர்வைசர்கள் தொழிலாளர்களை விழிப்போடு வழிநடத்துகிறார்களா? அந்தக் கட்டத்தில் 'ஆம்' போடுவதற்காகக் கோயமுத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். எங்கள் எட்டுப் பேரையும் ஏசி அறையில் உட்கார வைத்து, முழுக்கவனம், நோக்கம் என்ற இரண்டு சொற்களை இரண்டு நாள் விளக்கினார். பேசுவதற்கு முன் எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமாம். பார்ப்பதற்கு முன் தன் மூச்சைக் கவனிக்க வேண்டுமாம். அவர் சொன்னதில் தவறே இல்லை. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அதில்தான்.

எல்லோரும் கண்ணை மூடினோம். உள்ளே என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கட்டிங் பழனிச்சாமி அண்ணன் முறை வந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கீழ மூணாவது லைன் நின்னு போச்சுங்க. சத்தம் கொறஞ்சிருக்குது."

ஐந்து நிமிடம்

தினமும் வேலை தொடங்கும்முன் ஐந்து நிமிட மௌனம் என்று முடிவானது. அந்த ஐந்து நிமிடத்தை உற்பத்தி நேரத்தில் எடுப்பார்களா? காலை டீ நேரம் பதினைந்திலிருந்து பத்தானது. தையல் இரண்டாம் மாடியில், டீ கீழே. இறங்க மூன்று நிமிடம், ஏற மூன்று நிமிடம். மீதி நான்கில் டீயும் குடித்து, பாத்ரூம் வரிசையிலும் நின்று வர வேண்டும்.

ஒரு வாரம் கழித்துப் பயிற்சியாளர் வந்து, மௌனம் எப்படி இருக்கிறது என்று செல்வராணியைக் கேட்டார். அவள் மரியாதையாக எழுந்து நின்றாள். "மனசு நல்லா ஆறிட்டு சார். டீதான் ஆற மாட்டேங்கு."

போர்டில் எழுதியது

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வெள்ளைப் போர்டு வந்தது. 'இன்றைய நோக்கம்' என்று தலைப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நம்பித்தான் எழுதினேன்: 'இன்று யாரையும் பார்த்துக் கத்த மாட்டேன்.'

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். அந்த மரியாதையிலேயே ஆளைத் தோலுரிப்பார். நான் எழுதியதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, 'நிற்காத லைன்' என்று எழுதினார். கீழே இரண்டு கட்டம் போட்டார். நிற்காமல் ஓடிய நாள் எத்தனை? நின்றால், யாரால்? "ஏனுங்க சாந்தாமணி, நோக்கம்னா எண்ணிப் பாக்கற மாதிரி இருக்கோணுமுங்க. நீங்க கத்தறத எவனுங்க உக்காந்து எண்ணுவான்?"

தேடினோம்

குழந்தைகள் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. போர்டில் 'ஒன்பது நாள்'. தையல் ஊசி உடைந்தால் எங்களிடம் ஒரு விதி உண்டு: துண்டுகள் அத்தனையும் கிடைக்க வேண்டும். அவற்றை ஊசி நோட்டில் டேப் போட்டு ஒட்டி, கிடைத்த இடத்தை எழுதிய பிறகுதான் புது ஊசி. ஒரு முனை சட்டையோடு போய் எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தில் ஏறினால் கம்பெனிக்கு ஆர்டர் இல்லை. நல்ல விதிதான்.

பதினொன்றரைக்குச் செல்வராணியின் ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை இல்லை. லைனை நிறுத்தினேன். காந்தக் குச்சியோடு தரையெல்லாம் தேடினோம். மேனேஜர் வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நான் செல்வராணியைப் பார்த்துக் கத்தினேன். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு தைக்கிறாய் என்றேன். அவள் மெஷினுக்கு அடியில் தேடினாள், வலது கையால் மட்டும். இடது கை ஓவர்கோட் பைக்குள் இருந்தது. இரண்டு நாள் முழுக்கவன வகுப்பில் உட்கார்ந்த நான் அதைப் பார்க்கவில்லை. பக்கத்து மெஷின் சுனிதா பார்த்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது. என் தோளைத் தட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அக்கா, கீழ இல்ல. அவ கைல இருக்கு."

ஆஸ்பத்திரியில்

இடது ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே எலும்புவரை போயிருந்தது. டாக்டர் அறுத்து எடுத்தார். இருபது நிமிடம் அதை வைத்துக்கொண்டு, இல்லாத முனையை எங்களோடு சேர்ந்து தேடியிருக்கிறாள். ஏண்டி சொல்லவில்லை என்றேன். "ஒம்போது நாளுன்னு போட்டிருந்தியளே எக்கா. கீழ எம் பேர எழுதிருவாவன்னு பயமா இருந்துச்சு."

கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் போன் செய்தார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்றுதான் எடுத்தேன். "முனை கெடச்சிருச்சுங்களா? பத்திரமா மடிச்சுக் கொண்டாங்க, நோட்டுல ஒட்டோணும்."

நோட்டில் எழுதியது

வேலையில் பட்ட காயம் என்று பதிவானால், குணமாகும்வரை லீவு உண்டு, சம்பளம் உண்டு, மெஷினும் அவளுக்கே. பதிவாகாவிட்டால் அவள் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டவள் என்று கணக்கு. அடுத்த நாளே அந்த மெஷினில் வேறு ஆள். 'கிடைத்த இடம்: மெஷின் அருகே' என்று எழுதச் சொன்னார் மேனேஜர். துணி வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும் மாதமாம்.

முனையை ஒட்டினேன். பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: 'செல்வராணி, இடது ஆள்காட்டி விரல்.' பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். கிழிக்க முடியாது, யாரும் கிழிக்கக் கூடாது என்பதற்காகவே பக்க எண் அச்சடித்து அவர்களே வாங்கிய நோட்டு அது. அழிக்கவும் மாட்டேன் என்றேன். கத்தவில்லை. இந்த ஒரு இடத்திலாவது வகுப்பு பயன்பட்டது. மேனேஜர் நோட்டை மூடி வைத்தார். "கோவத்துல எழுதிப்போட்டீங்க. ஒரு மூச்சு இழுத்து உட்டுட்டு எழுதியிருக்கலாமுங்க."

தை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை செல்வராணி தன் மெஷினுக்குத் திரும்பினாள். அதே திங்கட்கிழமை என்னைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி, தைத்த துணியைப் பார்க்கும் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள், காரணம் என்ற கட்டத்தில் 'கவனக் குறைவு' என்று எழுதி.