எங்களை எதிர்த்த வேலாயுதம் அண்ணன்

மழை விடாத ஒரு காலையில், பதுளை பஸ் நிலையத்தில் மடுல்சீமை பஸ்ஸுக்காக நின்றபோதுதான் செய்தி வந்தது. "நம்ம வேலாயுதம் அண்ணன் போயிட்டாருங்க" என்றார் கண்டக்டர். கையிலிருந்த குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை. போன வாரம்தான் என்னோடு சண்டை போட்டார். அதை முடிக்காமலே போய்விட்டாரே மனுஷர்!

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பதுளையில் துணிக்கடை ஹாஜியார் தன் சொந்தச் செலவில் நடத்திவரும் ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கிறவள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் தண்ணீர், தொழிலாளர் குடியிருக்கும் லயம், பிள்ளைகளின் படிப்பு பற்றி விசாரித்து, கண்டதை எழுதி அரசாங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புவது எங்கள் வேலை. அண்ணன் அப்போது தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி. எங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "சம்பளத்தைப் பத்திப் பேசாத ஆராய்ச்சி என்னா ஆராய்ச்சி தங்கச்சி?" என்று நடுக் கடைத்தெருவில் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். தாளும் பேனாவுமாக யார் லயத்துக்கு வந்தாலும், கப்பலுக்குப் பேர் எழுத வந்தவர்கள் என்றுதான் சனங்கள் நினைப்பார்கள். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டிலேயே எங்களைப் பற்றி அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. நாங்கள் போனபோது கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா மட்டும், "எங்க பேர எழுதிராதீங்க தாயி, ஒங்க கால்ல விழுறேன்" என்று அழுதார். இனி எந்தத் தோட்டத்திலும் எங்களுக்குக் கதவு திறக்காது என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பதுளையில் சங்கக் கூட்டம். ஓரமாக நின்று கேட்டேன். பேச்சாளர் ஒருவர் எங்கள் நிலையத்தை "ஆள் கடத்துற ஆபீஸ்" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. எங்களை ஒழித்துக்கட்ட அண்ணனுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார்.

"தம்பி சொன்னது சரியில்லங்க. அந்த ஆபீஸ் ஹாஜியாரோடது. அவரு தோட்டத்துத் தொரமாரோட விருந்து சாப்பிடுறவரு. நம்ம சம்பளத்தப் பத்தி அங்க ஒரு வார்த்த எழுதினது இல்ல. அதுக்காக நான் அவங்கள எதிர்க்கிறேன், நாளைக்கும் எதிர்ப்பேன். ஆனா கப்பலுக்குப் பேர் எழுதுறாங்கன்னா அது பொய். அவங்க போன தோட்டமெல்லாம் விசாரிச்சுட்டேன், ஆரு பேரையும் கேக்கல."

"ஹாஜியார் வேட்டி குடுத்துட்டாரா?" என்று யாரோ கத்தினார்கள். கூட்டமே சிரித்தது. அடுத்த சங்கத் தேர்தலில் அண்ணன் தோற்றார். மடுல்சீமையில் எங்களுக்குக் கதவு திறந்தது.

ஹாஜியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கப்பல் கதை பொய் என்று அண்ணன் சொன்னதை மட்டும் எங்கள் ஆண்டு மலரில் போடச் சொன்னார். எப்படித்தான் அண்ணனுக்கு மூக்கில் வியர்த்ததோ, அச்சகத்துக்கே வந்துவிட்டார். "விருந்தையும் போடுங்க ஹாஜியார். பாதியப் போட்டா அது நான் சொன்னது இல்ல." ஹாஜியாரின் முகம் கறுத்தது. தாடியைத் தடவிக்கொண்டே, "போடுங்க புள்ள, உள்ளதத்தானே சொல்றாரு" என்றார். அடுத்த வருஷம் சம்பளத்தைப் பற்றியும் எழுதினோம். அதிலும் அண்ணன் குற்றம் கண்டுபிடித்தார், அது வேறு கதை.

போன வாரச் சண்டைக்குக் காரணம் நான்தான். நிலையத்தின் வரலாற்றை எழுதும்போது அவரை "எங்கள் உற்ற நண்பர்" என்று எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு எகிறினார். "நான் எப்ப ஒங்க நண்பன் ஆனேன்? என் சங்கத்து ஆளுங்க முன்னால நின்னு இதச் சொல்லுவியா?" பாசத்தில் எழுதியதை இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று எங்கள் நிலையத்தில் இரங்கல் கூட்டம். ஹாஜியார் கடைத் துணியிலேயே "எங்கள் உற்ற நண்பருக்கு அஞ்சலி" என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். சங்கத்து ஆட்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் அதைக் கழற்றச் சொன்னேன். வேறு துணியில் நானே எழுதினேன்: "எங்களை எதிர்த்தவர். எங்களைப் பற்றிப் பொய் சொல்லாதவர்."

யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும், "முன்னால நின்னு இதச் சொல்லுவியா?" என்ற அவருடைய கேள்வி இனி என்னோடு இருக்கும். சண்டை முடிஞ்சிருச்சு அண்ணே. நீங்கதான் ஜெயிச்சீங்க.