மேலே அடிக்கும் காற்று

அக்கா துபாய்க்குப் புறப்பட்டபோது நான் ஏழாம் வகுப்பு. அவள் கணவரை நான் பாவா என்பேன். ஆறு மாதம் முன்பே அங்கே வேலைக்குப் போனவர், தன் பழைய கம்ப்யூட்டரை, அதிலிருந்த விமானம் ஓட்டும் விளையாட்டோடு, எனக்கு விட்டுப்போயிருந்தார். விமான நிலையத்துக்குப் போன காரில் பாவா வீட்டாருக்கே இடம் சரியாக இருந்தது. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா மட்டும் நெருக்கிக்கொண்டு ஏறினார். அம்மாவும் நானும் திருத்தணியிலேயே நின்றுவிட்டோம்.

பத்தேகாலுக்கு நைனா பூத்திலிருந்து போன் செய்து, விமானம் கிளம்பிவிட்டது என்றார். நானும் மீனம்பாக்கத்திலிருந்து என் விமானத்தைக் கிளப்பினேன். மேலே காற்று எவ்வளவு என்று ஒரு கட்டம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். முருங்கை இலைகூட அசையவில்லை. பூஜ்யம் போட்டேன்.

அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து வந்து பார்த்தாள். அக்கா இப்போது எங்கே என்று கேட்பாள். கடல் என்பேன். மறுபடியும் கேட்பாள். அப்போதும் கடல்தான். இரண்டு மணிக்கு ஓடுபாதையில் இறங்கி, அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அறிவித்தேன். அம்மா மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, போன் அருகில் போய் உட்கார்ந்தாள்.

போன் வரவில்லை. மூன்று மணியானது. அம்மா திட்டவில்லை. "நல்லா பாத்தியா? எறங்கிட்டாளா?" என்று மட்டும் இரண்டுமுறை கேட்டாள். நான் திரையை மறுபடி போய்ப் பார்த்தேன். என் விமானம் ஓடுபாதையில்தான் நின்றது.

நாலு மணிக்குத்தான் மணி அடித்தது. அக்காவும் அம்மாவும் அழுது, சிரித்து முடித்தபின் பாவாவிடம் என் குழப்பத்தைச் சொன்னேன்.

"கீழ அடிக்கற காத்த வெச்சி கணக்கு போடக்கூடாது பாப்பா. முப்பத்தஞ்சாயிரம் அடியில எதிர்காத்து பிச்சிகினு வருது. அதுலயே அரை மணி போயிடும்," என்றார். மீதி நேரம் அக்கா பாஸ்போர்ட்டுக்கும் பெட்டிக்கும் வரிசையில் நின்றாளாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் சொன்ன காற்றைப் போட்டு மறுபடி ஓட்டினேன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு, வேர்க்கடலை உரித்தபடி உட்கார்ந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். எதிர்காற்று போட்டாயா என்று அவளே கேட்கத் தொடங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வகுப்பில் வேறு யாருடைய அம்மாவும் விமானத்தில் துணைக்கு வந்ததில்லை.

ஆனால் நாலு மணி நேரத்தில் முக்கால்வாசி வெறும் கடல். ஒருநாள் அலுத்துப்போய், ஒரு பொத்தானை அழுத்தினால் பத்தே நிமிடத்தில் துபாய் போய்விடலாம் என்றேன். அம்மா கடலைத் தொலியை முறத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"வேணாம். அவ போன மாதிரியே போலாம்," என்றாள்.

அம்மாவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, ஜன்னலோர இருக்கையிலிருந்து பார்ப்பதுபோலத் திரையை மாற்றிக் கொடுத்தேன்.