நீர்வேலியில் நாய்க்குட்டி விசாரிக்கப் போனது

நீர்வேலிக் கடையில் என்னை மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். பிழை என்னுடையதுதான். தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு பிளேன்ரீ வாங்கி, "அந்த நீலக் கேற் வீட்டில பரம்பரை வருத்தம், நோய்நொடி ஏதும் இருக்கோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் வேறென்ன நினைப்பார்கள்?

"தங்கமான பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்," என்றார் கடைக்காரர்.

"அண்ணை, நான் நாய்க்குட்டி பாக்க வந்தனான்."

"நாயோ? அது எனக்குத் தெரியாது."

பிள்ளைக்கு வாய் திறந்தவர் நாய்க்கு ஏன் மூடினார்?

போன வருடம் எங்கள் லாப்ரடோர் ஜிம்மி வலிப்பு வந்து மகளின் மடியிலேயே செத்தது. இப்போது அவளுக்கு இன்னொரு குட்டி வேண்டும். சாதி நாய்களில் இந்த வருத்தம் வழிவழியாக வரலாம் என்று மிருக வைத்தியர் சொன்ன நாளிலிருந்து நான் எல்லாரையும் சந்தேகிக்கிறேன். மறுபடியும் அவளை அப்படி இருத்திவைக்க என்னால் ஏலாது.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை பஸ்ஸில் அரை மணித்தியாலம். நாலரைக்கு நீலக் கேற்றைத் தட்டினேன். குட்டி ஒன்று நாற்பத்தையாயிரம் ரூபா.

"தாயும் தகப்பனும் ஒரே ஈத்து. அதுதான் உந்த நிறம் பிசகேல்லை," என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணனும் தங்கச்சியுமோ?"

"நாயளுக்கு அது பிரச்சினையில்லை."

"வலிப்பு ஏதும்?"

"சீ, எங்கடை நாயளுக்கோ?"

ஐந்து மணிக்குத் தாய் நாய் தானாக எழும்பிப் போய்க் குசினி வாசலில் குந்தியது. வீட்டுக்கார அம்மா ஒரு துண்டு வாழைப்பழம் நீட்டினார். "பழம் எண்டால் உயிர்," என்று வீட்டுக்காரர் அவசரமாகச் சிரித்தார். பழத்தின் நடுவில் விரலால் அமுக்கி மூடிய தடம் தெரிந்தது. ஜிம்மிக்கு நாங்கள் வலிப்புக் குளிசையைப் பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்ததும் அப்படித்தான்.

"மனிசியைக் கேட்டுச் சொல்லுறன்," என்று எழும்பினேன். என் வீரம் அவ்வளவுதான்.

குட்டி பார்க்கப் போகிறவர்கள் பின்னேரம் போங்கள். தாய்க்குச் சாப்பாடு வைக்கும்வரை இருங்கள். குட்டி துள்ளுவதை நம்பாதீர்கள். இந்த வலிப்புப் பெரும்பாலும் ஒரு வயதுக்குப் பிறகுதான் தலைகாட்டும். வாங்கினால் திரும்பிவர ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள், பஸ்ஸில் ஏற்றுவது சந்தேகம்.

வீட்டுக்காரர் கேற்றடி வரை வந்தார். "அடுத்த ஈத்தும் இதே சோடிதான். இப்பவே சொல்லி வையுங்கோ."

"ஓம் அண்ணை, வாறன்," என்றேன்.

"உந்தச் சோடியை இனிச் சேர்க்காதேங்கோ" என்பது மட்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.