இரவல் போன அழுகை

என் கணவரின் அக்காவுக்கு அழுவதுதான் தொழிலாக இருந்தது. சினிமாவில் அழத் தெரியாத கதாநாயகிகளுக்காக, டப்பிங் அறையில் மைக் முன்னால் நின்று அழுது கொடுப்பார். அங்கே எல்லாருக்கும் அவர் 'அழுகாச்சி அக்கா'. எனக்கு அண்ணி.

ஒருமுறை அவரோடு போய்ப் பார்த்திருக்கிறேன். சுவரெங்கும் துணி ஒட்டிய, காற்று வராத சின்ன அறை. திரையில் ஒரு பெண் சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். அண்ணி ஃபிளாஸ்கிலிருந்து ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார், கையால் வயிற்றை அமுக்கிப் பிடித்தார், மறுநொடி அந்தப் பெண் கதறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் "ஓகே" என்றார்கள். அண்ணியின் கண்ணில் துடைக்க ஒரு சொட்டுகூட இல்லை. "வயித்துலேர்ந்து வரணும். கண்ணுலேர்ந்து வந்தா தொண்டை கட்டிக்கும்" என்றார்.

அந்த அறையில் அவர் நிஜமாக அழுதது ஒரே ஒரு தடவை. அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், இறந்த வாரம் அது. படம் வெளியாகப் போகிறது, அழுகை மட்டும் பாக்கி என்று வண்டியை அனுப்பிவிட்டார்கள். காட்சி இதுதான்: புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகிறான். மனைவி அவன் காலில் விழுந்து, துரத்திவிடாதீர்கள், ஒரு மூலையில் கிடக்கிறேன் என்று கதற வேண்டும். அண்ணி வாயைத் திறந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, அம்மாவைப் பிடித்துக்கொண்டு, தம்பியைச் சாப்பிட வைத்துக்கொண்டு அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்படியே வந்துவிட்டது. டைரக்டரே கண் கலங்கி வெளியே வந்தாராம்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. இன்றைக்கும் அதைக் காவியம் என்கிறார்கள். டிவியில் போட்டால் என் மாமியார் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் மூக்கை உறிஞ்சியபடி, "என்ன பொறுமை பாரு அந்தப் பொண்ணுக்கு! அதான் கடைசியில புருஷன் திரும்பி வந்துட்டான்" என்றார்.

அண்ணியின் முகம் கோணிக்கொண்டது. "அம்மா, அது புருஷனுக்கு அழுத அழுகை இல்ல. அப்பாவுக்கு நான் அழுதது."

"இருக்கட்டுமேடி. யாருக்கு அழுதா என்ன, அவ குடும்பம் ஒண்ணு சேர்ந்துச்சுல்ல?"

அண்ணி எழுந்து என்னிடம் சமையலறைக்கு வந்தார். "அந்த நாயோட கால்ல எங்கப்பாவக் கொண்டுபோய்ப் போட்டுட்டேன். நெனச்சாலே வாயெல்லாம் கசக்குது." எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

போன வருஷம் ஒரு புதுப் படத்துக்கு அண்ணி, என் கணவர், நான் மூன்று பேரும் போனோம். இடைவேளைக்குப் பிறகு ஒரு நகைச்சுவைக் காட்சி. ஒருவனுடைய செல்போன் கழிப்பறைக் கோப்பைக்குள் விழுந்துவிடுகிறது. அவன் மண்டியிட்டு, உள்ளே கையை விட்டுத் துழாவுகிறான். பின்னணியில் ஒரு பெண்ணின் கதறல். அரங்கமே குலுங்கியது. என் கணவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "அது நான்."

"என்னது அண்ணி?"

"அப்பாவுக்கு அழுதது."

எழுந்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கை கழுவும் இடத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். பக்கத்தில் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருந்த பெண் ஓர் அடி தள்ளி நின்று வேலையைத் தொடர்ந்தாள். விஷயம் தெரிந்து என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சத்தியமா தெரியலக்கா."

"தெரியாமதான்டா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றார் அண்ணி.

அந்தப் படத்துக்கு ஒலி சேர்த்தவரை விசாரித்து, அண்ணியும் நானும் தேடிப் போனோம். சின்ன வயது. கழுத்தில் ஹெட்போன், கீபோர்டு மேல் கடித்து வைத்த ரொட்டி. அண்ணியைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"உங்க அழுகை எங்களுக்கெல்லாம் வரம்க்கா! பேய்க்குப் போட்டிருக்கோம், நாய் தொலைஞ்சதுக்குப் போட்டிருக்கோம், சோப்பு விளம்பரத்துக்குக்கூட. எங்க வச்சாலும் உட்காருது."

"அழிச்சிடு தம்பி."

"நான் அழிச்சு என்னக்கா? அந்தப் பழைய படத்துலேர்ந்து வெட்டி எடுத்தது, எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்கே."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "போட்டுக் காட்டு" என்றார். அறை முழுக்க அந்தக் கதறல். "நிறுத்து. இந்த இழுப்பு முடியற இடத்துல 'அப்பா'ன்னு சொல்றேன். கேக்குதா?"

அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். முகம் மாறியது. "ஆமாக்கா... மூச்சு வாங்குறீங்கன்னு நெனச்சேன்." மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். அவரோ உதவுகிற ஆர்வத்தில், "அத மட்டும் வெட்டிடவாக்கா? சுத்தமா இருக்கும்" என்றார்.

கிண்டல் இல்லை, அக்கறையோடுதான் கேட்டார். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. வழி நெடுக அண்ணி, அழுக்கைத் தொட்டுவிட்டவர் போலக் கையைத் துணியில் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறமும் ஒருமுறை டப்பிங்குக்குப் போனார், ஒரு புது டைரக்டர் கூப்பிட்டார் என்று. நானும் துணைக்குப் போனேன். "கால்ல விழற பொம்பளையெல்லாம் என் படத்துல கிடையாதுக்கா. இவ தைரியமான பொண்ணு" என்றார் அவர். திரையில் கதாநாயகன் அந்தத் தைரியமான பொண்ணைப் பளாரென்று அறைந்தான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கண்ணோடு சிரித்தாள்.

"இங்க என்ன வேணும்?" என்று கேட்டார் அண்ணி.

"சின்னதா ஒரு விசும்பல். அப்புறம் 'ஐ லவ் யூ'. அறை வாங்கினப்புறம்தான் அவளுக்கு அவனோட காதல் புரியுது."

"அன்னைக்கு அவன் கால்ல விழுந்தா. இன்னைக்கு அவன் கையில வாங்கிக்கிட்டு சிரிக்கிறா. நடுவுல இத்தனை வருஷம் நீங்கள்லாம் என்னதான் பண்ணீங்க?"

டைரக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி ஃபிளாஸ்கை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதோடு அழுகைக்கு முழுக்கு. இப்போது பேருந்து நிலையத்து அறிவிப்புகளுக்குக் குரல் கொடுக்கிறார். "எந்த வண்டி எங்க நிக்கும்னு சொல்றேன். கேட்டவன் போய் ஏறிடறான். அழுகையும் இல்ல, அசிங்கமும் இல்ல" என்கிறார்.

வீட்டில் டிவியில் யாராவது அழ ஆரம்பித்தால், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிடுவார். "வாயப் பாரு, பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி" என்பார். மாமியார் ரிமோட்டைப் பிடுங்கி மறுபடி சத்தம் வைப்பார். அம்மாவும் மகளும் கட்டிப்புரளாத குறைதான். துணி காயப்போட வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் மாடிக்குப் போய்விடுவேன்.