யாரும் வாசிக்காத பெயர்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான். கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசிக்கொள்வேன், அதோடு சரி. ஆனால் மலாயாவில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் ஒரு மழை நாளில் நடந்ததை எதில் சேர்ப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஜப்பான்காரன் காலம். மூவாரில் நான் படித்துக்கொண்டிருந்த பள்ளியை மூடிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்தார். வேலை பார்த்தால் அரிசி கிடைக்கும், அதற்காகத்தான் போனேன். மற்றபடி அந்த ஆபீசை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். கூரை ஒழுகும், நான்கு இடத்தில் வாளி வைத்திருக்கும். டைப்ரைட்டரில் ரிப்பன் காய்ந்து போயிருந்தது, ‘e’ எழுத்தை அடித்தால் சிக்கிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் விரலால் இழுத்துவிட வேண்டும். கடிகாரம்கூடத் தோக்கியோ நேரம் காட்டியது. அது பத்து என்றால் எங்களுக்கு எட்டரை.

எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கிராணி அப்பாதுரை. ஆபீசுக்கு அவர்தான் தலைமைக் குமாஸ்தா. ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. நான் காகிதத்தை நேராகச் செருகவில்லை என்பதற்கே அரை மணி நேரம் திட்டுவார். தோட்டத்து ஆட்களும் அவரைக் கண்டால் ஒதுங்கித்தான் போவார்கள்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து அடைமழை. சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து நாற்பது பேரை அனுப்ப வேண்டும், மதியம் லாரி வரும், பட்டியல் தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு. போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று அதற்குள் பேச்சு வந்துவிட்டது. கிராணி பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தத்தில் அவர் கத்திக் கத்தி வாசிக்க, நான் அடித்தேன். ஒவ்வொரு பெயரும் யாருடைய புருஷன், யாருடைய மகன் என்று எனக்குத் தெரியும். கை கூசியது, ஆனாலும் அடித்தேன்.

முடித்து எண்ணினால் நாற்பத்தொன்று. நடுவில் ஒரு பெயர், மாயாண்டி, சுடலை மகன். அப்படி யாரும் தோட்டத்தில் கிடையாது. நான் கேட்டதும் கிராணி தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இந்தப் பேர ஒனக்கு யாரு சொன்னா?”

“நீங்க வாசிச்சதத்தானே ஐயா அடிச்சேன்.”

“நான் வாசிக்கல” என்றார். பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு, “அவன் நான் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே ஊர்ல செத்துட்டாம்மா” என்றார். தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி அடிக்கச் சொன்னார்.

மறுபடி அடித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன். உருவி எடுத்தால், முதலில் இருந்த இடத்தில் இல்லை, கீழே முப்பதாவது வரிக்குப் பக்கத்தில் அதே மாயாண்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது, பயத்தினால் இல்லை, ஆத்திரத்தினால். விரலெல்லாம் மை, நல்ல கார்பன் தாள் ஒன்றுதான் மிச்சம், மழைவேறு நிற்கிற மாதிரி இல்லை. நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று அவர் கத்தினார். அப்படியானால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டேன். அந்த மனிதரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

அவர் உட்கார்ந்து இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது பெயர், சரியாக நாற்பது. இரண்டு பேரும் எண்ணினோம். அதற்குள் லாரிச் சத்தம் கேட்டுவிட்டது. கையெழுத்துப் போட்டு, மேல் தாளையும் கார்பன் நகலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவர் வெளியே ஓடினார், நானும் பின்னாலேயே போனேன். நகலை நாங்கள் பார்க்கவில்லை.

ஜப்பான் அதிகாரி நகலைத்தான் எடுத்து எண்ணினான். ஆபீஸ் தாழ்வாரத்தில் ஆட்களும் பெண்டு பிள்ளைகளும் நனைந்துகொண்டு நின்றார்கள். நாற்பது பேர் லாரியில் ஏறியாயிற்று. அவன் தாளைக் கிராணியின் முகத்துக்கு நேராக நீட்டி, ஒரு வரியில் விரலை வைத்து மலாயில் கேட்டான்.

“இனி சியாப்பா?”

இது யார் என்று கேட்கிறான். நான் எட்டிப் பார்த்தேன். மாயாண்டி, சுடலை மகன்.

தப்பான பட்டியல் கொடுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கிராணி யாரை வேண்டுமானாலும் கைகாட்டியிருக்கலாம். மூன்றடி தூரத்தில், பட்டியலில் பெயர் இல்லாத முனியன் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான், கிராணியின் கண் அவன்மேல் போனதை நான் பார்த்தேன். முனியனும் பார்த்தான். குழந்தையைத் தன் பெண்டாட்டியிடம் கொடுக்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

“சாயா” என்றார் கிராணி. நான்தான் என்று அர்த்தம்.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லாரியைக் காட்டினான். அவர் ஆபீஸ் சாவியை என் கையில் வைத்தார். “அலமாரிய இழுத்துப் பூட்டிடும்மா, சாரல் அடிக்குது” என்றார், அவ்வளவுதான். ஏறும்போது கால் வழுக்கியது, உள்ளேயிருந்து இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். காலையில் அவர்கள் பெயரைக் கத்தி வாசித்தவர் அவர்தான்.

என் ஆத்திரம்தான் அந்தப் பெயரை அடித்ததோ என்று பல வருஷம் நினைத்தேன். ஆனால் எனக்கு அந்தப் பெயரே தெரியாது. கடைசித் தாளை அடித்ததும் நான் இல்லை.

ஜப்பான் தோற்ற பிறகு அந்த லாரியில் போனவர்களில் ரெங்கன் ஒருவன் மட்டும் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அக்கா கஞ்சி கொடுத்தாள். குடித்துவிட்டு அவனாகவே சொன்னான். முகாமில் தினமும் விடிகாலையில் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்களாம். மாயாண்டி என்று கூப்பிட்டால் இரண்டு குரல் கேட்குமாம். ஒன்று கிராணியுடையது. இன்னொன்று வரிசைக் கடைசியிலிருந்து வரும், திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். கிராணி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

பிறகு வாந்திபேதியில் கிராணி செத்துப்போனார். ரெங்கன்தான் குழி தோண்டியவன். மறுநாள் காலையில் பட்டியலில் பெயரைக் கோடு போட்டு அடிக்க மறந்துபோய், மாயாண்டி என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு குரல் கேட்டதாம்.

எந்தக் குரல் என்று ரெங்கனிடம் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவனும் இப்போது இல்லை.